கத்தரி தலை தொங்கிய ஞாயிறு

மொட்டைமாடிக் கதவைத் தள்ளினதுதான் தாமதம், தங்கக்கனி டீச்சர் கண்ணில் அதுதான் பட்டது. கத்தரிச் செடி அத்தனையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒன்றிரண்டு என்றால் போகட்டும் என்று விடலாம், கைப்பிடிச் சுவர் நெடுக வரிசை பிடித்து வைத்த தொட்டி முழுக்க இதே கோலம், பிழியாமல் கொடியில் போட்ட துணி மாதிரி இலையெல்லாம் தண்டோடு ஒட்டித் தொங்குகிறது, நேற்று விரிந்த ஊதாப் பூ ஒன்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். விடியக்காலையில் தண்ணி ஊற்றிவிட்டுத்தானே மீன் வாங்கப் போனேன், அப்போது கொஞ்சம் மஞ்சளடித்துப் போயிருந்தாலும் நிமிர்ந்துதானே நின்றன, அதற்குள் என்ன வந்தது இவற்றுக்கு, காய்ந்த துணியை எடுக்க வந்த இடத்தில் இப்படி ஒரு காட்சியா. துணியை அப்படியே விட்டுவிட்டு முதல் தொட்டிக்குள் விரலை விட்டாள். ஈரம். அடுத்த தொட்டி, அதிலும் ஈரம், விரல் நுனி குளிர்கிற ஈரம். தூத்துக்குடி வெயில் மூன்று மணிக்கு மேல் எப்படி அடிக்கும் என்று சொல்லவா வேண்டும், ஆனாலும் வெயிலுக்கு வாடுகிற வாட்டம் இது இல்லை, அது நுனி இலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் சரியாகிவிடும், இது அடியிலிருந்து உச்சிவரைக்கும் விழுந்து கிடக்கிறது. தண்ணியில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிறதா, இது என்ன கூத்து என்று டீச்சர் அந்த ஈர விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செடி அவளுடையது இல்லை, அதுதான் விஷயம். செடி லிங்கதுரையுடையது. லிங்கதுரை அவள் புருஷன், துறைமுகத்துப் பக்கம் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவர், தலை கருகருவென்று இருக்கும்போது உள்ளே போனவர் நரைத்த பிறகும் அங்கேதான் இருந்தார், ஒருநாள் காலையில் போனால் கேட்டில் பூட்டுத் தொங்கியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஹாலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். மாசம் ஒன்று தாண்டிவிட்டது. சத்தம் போட்டார், குடித்தார், எவனையாவது வைதார் என்றால்கூட மனசு ஆறும், ஒன்றும் இல்லை. கேட்டால் ‘ம்’, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டு இருப்பார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள், மாத்திரை கொடுத்தார்கள், பொறுமையா இருங்கம்மா, வருவாரு என்றார்கள். எங்கேயிருந்து வருவாரு, அவிய எங்க போயிருக்காவ, இங்கதான இருக்காவ என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. பத்துப் பேர் கேட்க விஸ்தாரமாகப் பேசுகிற மனுஷன். எதற்கெடுத்தாலும் குறை. இந்தச் சட்டைக்கு இஸ்திரி இப்படியா போடுவ, இந்தக் கதவை இப்படியா சாத்துவ, ரசத்துக்குக் கொத்தமல்லி யாரு போடச் சொன்னா. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயை மூட வையேன் முருகா என்று வேண்டாத செவ்வாய்க்கிழமை கிடையாது, அவள் எப்பவோ கேட்டதை முருகன் இப்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். இருந்தாலும் நன்றி சொல்லாமல் இருக்க அவளால் முடியாது, அது அவள் சுபாவம். குளிக்காவலா, குளிக்காவ. சோத்தை வச்சாச் சாப்பிடுதாவலா, சாப்பிடுதாவ. ராத்திரி கண்ணைத் திறந்து பார்த்தால் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்கிறதா, கேட்கிறது. அதுக்கே கோடி கும்பிடு என்று இருட்டிலேயே கையைச் சேர்த்துக்கொள்வாள். ஆனால் மாடிக்கு மட்டும் அவர் வரவே இல்லை. பிள்ளைகளை மாதிரிப் பார்த்த செடிகள், காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் வந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் புழு பார்ப்பார், கம்பெனி பூட்டின மறுநாளிலிருந்து படியில் கால் வைக்கவில்லை. அவர் திரும்பி வருகிற அன்றைக்குச் செடி இருக்கவேண்டும் என்றுதான் டீச்சர் தண்ணி சுமந்தாள். வேறே எதை வைத்து அவரைக் கூப்பிட, அவளிடம் என்ன இருக்கிறது.

இப்போது அதுவும் போச்சா. தொட்டி ஓரத்தில் குத்தவைத்து ஒரு இலையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள், கனமே இல்லை. இலைக்கு எலும்பா இருக்கிறது நிற்க, தண்ணியின் தைரியத்தில் நிற்கிறது, ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் தண்ணி நிறைந்து சுவரைப் பிடித்து உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தத் தள்ளல்தான் நிமிர்வு, விறைப்பழுத்தம், ஐந்து மதிப்பெண், படம் வரைந்தால் ஏழு. வருஷா வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். நடுவில் ஒரு சவ்வு, தண்ணியை விடும், உப்பைச் சுலபத்தில் விடாது. எந்தப் பக்கம் உப்பு கூடுதலோ அந்தப் பக்கமாகத் தண்ணி நகரும், யாரும் பிடித்துத் தள்ள வேண்டாம், தானாகப் போகும், சவ்வூடு பரவல், அடிக்கோடு போட்டுக்கோங்க பிள்ளைகளா. மண்ணில் இருக்கிறதைவிட வேருக்குள்ளே சாரம், அதாவது கரைந்த உப்பு, அதிகம், அதனால் தண்ணி வேருக்குள் போகிறது. மண்ணில் சாரம் கூடிவிட்டாலோ, அவ்வளவுதான், உள்ளே வரவேண்டிய தண்ணி வெளியே போக ஆரம்பித்துவிடும், ஈரத்துக்கு நடுவில் நின்று செடி காய்ந்துபோகும். லேபில் இதைக் காட்ட ரியோ என்கிற அழகுச்செடி இலையின் ஊதா அடித்தோலை உரித்துக் கண்ணாடியில் வைப்பாள், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அறை அறையாக ஊதா நிறம் நிறைந்திருக்கும். ஒரு சொட்டு உப்புக் கரைசலை விட்டால் போதும், ஊதா மெல்லச் சுருங்கும், சுவரை விட்டு விலகும், விலகி விலகி ஒரு மூலையில் உருண்டையாக ஒதுங்கிக்கொள்ளும். சுவருக்கு ஒன்றும் ஆகாது, அது அப்படியே சதுரமாக நிற்கும், வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு வீடு நன்றாக இருக்கிற மாதிரிதான் தெரியும். கம்பெனி பூட்டின அந்த வாரம் லேபில் குனிந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டீச்சருக்குப் பொட்டென்று அழுகை வந்துவிட்டது. அதே மீசை, அதே வெள்ளை வேட்டி, அதே அகலத் தோள், உள்ளே இருந்த மனுஷனை மட்டும் காணோம். பிள்ளைகள் பார்த்துவிடுமே என்று கண்ணில் தூசி என்றாள். அதற்குப் பிறகு நல்ல தண்ணி ஒரு சொட்டு விடவேண்டும், ஊதா திரும்ப விரிந்து வந்து சுவரைத் தொடும், பிள்ளைகள் கைதட்டும். ஆனால் அதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. உப்பில் ரொம்ப நேரம் கிடந்துவிட்டால் எவ்வளவு தண்ணி விட்டாலும் திரும்பாது, அதை அவள் பாடத்தோடு பாடமாகச் சொல்லிக் கடந்துவிடுவாள். இப்போது கடக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் ஆனால் அது ரொம்ப நேரம், யாரைக் கேட்க.

சரி, உப்பு எங்கேயிருந்து வந்தது. அதைக் கண்டுபிடிடி முதலில், உட்கார்ந்து அழுதால் ஆச்சா. மாடியில் இருக்கிற குழாய் உப்புத் தண்ணிக் குழாய், போர் தண்ணி, இந்த ஊரில் போர் போட்டால் கடல்தான் எட்டிப்பார்க்கும், துணி துவைக்கலாம், தரை கழுவலாம், செடிக்குக் காட்டக்கூடாது. நல்ல தண்ணி கீழே அடுக்களைக்குப் பின்னால் தொட்டியில் இருக்கிறது, வாளியில் மொண்டு படியேறிக் கொண்டுவர வேண்டும். யாரும் தப்பித் தவறித் திறந்துவிடக் கூடாது என்று உப்புக் குழாயின் கழுத்தில் லிங்கதுரை சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார், அவருடைய பழைய சட்டைக் கிழிசல், கட்டின அன்றைக்கு வீட்டில் உள்ள அத்தனை பேரையும் நிறுத்தி வைத்துச் சொற்பொழிவு. எழுந்து போய்ப் பார்த்தாள். துணி மொடமொடவென்று காய்ந்திருக்கிறது, குழாய்க்கு அடியில் ஈரச் சுவடே இல்லை. அப்போ இது இல்லை. அப்புறம் மனசு மெல்ல ஊர்ந்து ஊர்ந்து அவள் போக விரும்பாத இடத்துக்கே வந்து நின்றது. நேற்றுச் சாயங்காலம். இலை மஞ்சளடிக்கிறதே, பசியாக்கும் என்று மாடிப்படிக்கு அடியில் இருந்த யூரியாவில் ஒரு கரண்டி எடுத்து வாளித் தண்ணியில் கரைத்து எல்லாத் தொட்டிக்கும் பங்கு வைத்தாள். உரமும் கரைந்தால் உப்பு மாதிரிதான், ஆனாலும் ஒரு கரண்டிதானே. பக்கத்துத் தெருவில் எல்லாரும் செய்வதுதானே. அவ்வளவுக்கு இப்படிக் கவிழ்ந்துபோகுமா, இருக்காதே, கொஞ்சம் வாடும், இப்படி ஒரேயடியாகச் சரியாதே. ஒரு வேளை என் கைதான் விஷமோ. இன்றைக்கு மத்தியானம் மீன்குழம்பிலும் இந்தக் கை சும்மா இருக்கவில்லை, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, வேண்டுமென்றே ரெண்டு தடவை உப்பு போட்டாள். அந்த மனுஷன் ஒரு வார்த்தை வைய மாட்டாரா என்கிற நப்பாசை. வாயில் வைக்க முடியவில்லை, அவளே தயிரை ஊற்றித்தான் ஒப்பேற்றினாள். லிங்கதுரை குழம்பைப் பிசைந்தார், முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார், சாப்பிட்டார், கை கழுவினார், நாற்காலிக்குப் போய்விட்டார். உப்பு கூடத் தெரியவில்லையா அவியளுக்கு என்று டீச்சர் குழம்புச்சட்டியைத் தேய்த்துக்கொண்டே அழுதாள்.

அப்படியே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த விரலில் என்னமோ நெருடியது. கல் என்று நினைத்து எடுத்தாள். கல் இல்லை, மணி மாதிரி உருண்டையாக, இளஞ்சிவப்பாக, பாதி கரைந்து பிசுபிசுவென்று. பக்கத்தில் இன்னொன்று. மண்ணை லேசாக விலக்கினால் செடியைச் சுற்றி வளையமாகக் கிடக்கிறது, தண்டிலிருந்து சாண் தள்ளி, மேலே ஒரு விரல் மண் மூடி, மூடின மண்ணைக் கட்டைவிரலால் நாலு பக்கமும் அமுக்கி. காம்ப்ளக்ஸ் உரம். பரண் மேல் மூட்டையில் இருக்கிறது, அதைத் தொட்டாலே அவளுக்குத் தும்மல் வரும், அவள் அந்தப் பக்கமே போவது கிடையாது. அடுத்த தொட்டிக்கு ஓடினாள், வளையம், நாலு கட்டைவிரல் பதிவு. அதற்கடுத்ததிலும் அதே. இந்த அமுக்கு யாருடையது என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்லுவாள், உரத்தை மேலே வீசக்கூடாது, தண்டில் படக்கூடாது, மூடி அமுக்கணும் என்று இத்தனை வருஷம் காது புளிக்கக் கேட்டவள். காலையில் இந்த மண் இப்படி இல்லையே. அப்படியென்றால் அவள் சந்தைக்குப் போயிருந்த நேரம். அவிய வந்திருக்காவ. பரணில் ஏறி மூட்டையை இறக்கி, படியேறி, இங்க வந்து, ஒவ்வொரு தொட்டியாக் குனிஞ்சு. இலை மஞ்சளா இருக்கதப் பாத்திருக்காவ, பசிக்கின்னு நெனச்சிருக்காவ. முருகா, முருகா, என் அப்பனே. டீச்சர் அப்படியே சுடுகிற தரையில் உட்கார்ந்துவிட்டாள், சூடுகூட உறைக்கவில்லை. நேற்று அவள் போட்டது அவருக்குத் தெரியாது, தண்ணியில் கரைந்துபோனது எப்படித் தெரியும், இன்றைக்கு அவர் போட்டது இவளுக்குத் தெரியாது, பேச்சு இருந்தால்தானே தெரிய. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக ஊட்டி ஊட்டிச் செடியைச் சாகடித்திருக்கிறார்கள். சாகட்டும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது, வாடினதுக்கு நூறு கும்பிடு, நீங்கள் வாடாமல் நின்றிருந்தால் அவிய மாடிக்கு வந்தது எனக்கெப்படித் தெரியும் என்று அந்தத் தொங்கின இலைகளைப் பார்த்துச் சொன்னாள், வாயெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணி.

சிரிப்பு நிற்பதற்குள் பயம் வந்து பிடித்துக்கொண்டது. அவர் மறுபடி மேலே வந்தால்? காலையில் உரம் போட்ட ஆள் சாயங்காலம் எட்டிப் பார்க்க மாட்டாரா, பார்ப்பாரே, அதுதானே வழக்கம். வந்து பார்த்தால் இந்தக் கோலம். ஒரு மாசமாக எதையும் தொடாத கை முதல் முதலாகத் தொட்டது இதை, தொட்டதெல்லாம் கவிழ்ந்து கிடக்கிறது. தன் கைதான் செய்தது என்று நினைத்துக்கொண்டால் அந்த மனுஷன் திரும்ப நாற்காலிக்குப் போய்விடுவார், அப்புறம் எந்தத் தண்ணி விட்டு எடுக்க. நீங்களா போட்டீங்க என்று கேட்பதும் வேண்டாம், நானும் போட்டேன் என்று சொல்வதும் வேண்டாம், அவர் ஏறி வருவதற்குள் அத்தனை உப்பையும் கழுவி இறக்க வேண்டும். நல்ல தண்ணியைத் தொட்டி நிறைய நிறைய ஊற்றி அடித்துவாரம் வழியாக வெளியே ஓடவிட்டால் சாரம் கரைந்து அதோடு போகும், மண் லேசாகும், அப்போது தண்ணி திரும்ப வேருக்குள் நடக்கும். பாடத்தில் இருக்கிறது. பாடமே, இன்றைக்கு ஒரு நாள் காப்பாத்து என்று வாளியை எடுத்தாள். இறங்கும்போது போன் அடித்தது, கோயம்புத்தூரிலிருந்து மகள் சுபா.

“யம்மா, அப்பா ஏதாச்சும் பேசுனாங்களா?”

“பேசல. ஆனா மாடிக்குப் போயிருக்காவ.”

“மாடிக்கா? எதுக்கு?”

“செடியக் கருக்குததுக்கு” என்றாள் டீச்சர், சிரிப்பை அடக்க மாட்டாமல். அந்தப் பக்கம் சுபா பயந்துபோய் யம்மா, யம்மா என்கிறாள், அப்புறம் கூப்புடுதேன் தங்கம் என்று வைத்துவிட்டாள். ஹாலைக் கடந்துதான் தொட்டிக்குப் போக வேண்டும். லிங்கதுரை நாற்காலியில் இருந்தார், பக்கத்தில் தண்ணிச் செம்பு. அவரைப் பார்க்காத மாதிரிப் போனாள், நிறைந்த வாளியோடு பார்க்காத மாதிரி வந்தாள், மாடிப்படியில் தண்ணி தளும்பிச் சேலை நனைந்தது. முதல் வாளி. மூட்டு கிர்ரென்றது. இறங்கினாள், செம்பு காலியாகியிருந்தது, அதற்கு முந்தி நிறைந்திருந்ததோ, சரியாகப் பார்க்கவில்லையே. அடுத்த வாளி. தொட்டிகளின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணி கசிந்து தரையில் வளைந்து வளைந்து மழைக்குழாய்க்கு ஓடியது, போ, போ, எல்லா உப்பையும் வாரிக்கொண்டு போ. மறுபடி இறங்கினபோது அவர் தலை லேசாகத் திரும்பின மாதிரி இருந்தது, கண்ணின் ஓரத்தால் பார்த்தது, நிஜமோ பிரமையோ. இடுப்பு விட்டுப்போனது. மூச்சு வாங்கியது. எத்தனை நடை என்று கணக்குத் தப்பிவிட்டது, இலைகள் அப்படியேதான் தொங்குகின்றன, சின்ன அசைவுகூட இல்லை, இருந்தாலும் ஊற்றினாள். ஊற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்றி, கீழே தொட்டியில் இன்றைக்குத் தண்ணி இருக்கிறதே அதற்கு, இந்த மூட்டு இன்னும் மடங்குகிறதே அதற்கு, நாலு கட்டைவிரல் பதிவுக்கு, அதைத் தண்ணி அழித்துவிடாமல் ஒரு தொட்டியில் மட்டும் ஓரமாக ஊற்றினாள், வைத்துப் பார்த்துக்கொள்ள.

காலி வாளியோடு திரும்பினால் கதவில் லிங்கதுரை நிற்கிறார். கையில் இன்னொரு வாளி, நிறையத் தண்ணி. அவர் அவளைப் பார்க்கவில்லை, செடிகளைப் பார்த்தார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக. தாடை இறுகியது. போச்சு, எல்லாம் போச்சு, பிந்திவிட்டேன், இப்போது அந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார் என்று அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெயிலுங்க, ரொம்ப வெயிலு இன்னைக்கு, அதான் என்று குழறினாள்.

“வெயிலாம் வெயிலு.” குரல் கரகரவென்று துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி வந்தது. “நீ என்னத்தப் போட்ட?”

“...யூரியா. நேத்து சாயந்தரம். தண்ணியில கரைச்சு.”

“எவ்வளவு?”

“ஒரு கரண்டிங்க. ஒரே ஒரு கரண்டி.”

“எந்தக் கரண்டி?”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். “சாம்பார்க் கரண்டி.”

“அடக் கூறுகெட்டவளே!” என்றார் லிங்கதுரை. “சாம்பார்க் கரண்டியில அள்ளிப் போட இது என்ன கல்யாண வீட்டுப் பந்தியா? காலையில நான் வேற ஆளுக்கு ஒரு பிடி வச்சேன்லா. ரெண்டு பேரும் போட்டா செடி என்னத்துக்கு ஆவும்? கேக்கதில்லையா ஒரு வார்த்த? டீச்சராம் டீச்சரு, பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க நீ? ஏட்டி, இப்படி மேலருந்து கொட்டாத, வேரு வெளிய வந்துரும். தள்ளு அங்கிட்டு.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார், ஒரு தொட்டியை லேசாகச் சரித்து அடித்துவாரத்தில் விரலை விட்டு அடைத்திருந்த மண்ணைத் தோண்டி எறிந்தார், அது அடச்சிருக்கு, இதப் பாக்கதில்ல, தண்ணி எப்படி எறங்கும், சும்மா ஊத்திக்கிட்டே இருந்தா ஆச்சா என்று சொல்லிக்கொண்டே அடுத்ததற்குப் போனார். டீச்சர் அந்தத் திட்டை எல்லாம் கோயிலில் தீபாராதனைக்கு நிற்கிற மாதிரி நின்று வாங்கிக்கொண்டாள், ஒரு சொல் கீழே சிந்த விடவில்லை. எத்தனை வார்த்தை, அம்மாடி, இன்னும் வருகிறது, வரட்டும், நல்லா வைங்க.

வெயில் தணிந்து கடல் காற்று எழும்பினபோது கடைசித் தொட்டிக்கு வந்திருந்தார்கள். முதல் தொட்டியில் ஒரு சின்ன இலை, குருத்துக்குப் பக்கத்து இலை, தண்டை விட்டு ஒரு விரல்கடை விலகியிருந்த மாதிரி இருந்தது, காற்றோ என்னவோ, விடிந்தால் தெரிந்துவிடும் என்று டீச்சர் அதை உரக்கச் சொல்லவில்லை. லிங்கதுரை தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார், வாளியில் மிஞ்சின நல்ல தண்ணியை ரெண்டு கையாலும் அள்ளிக் குடித்தார், மறுபடி அள்ளிக் குடித்தார்.

“ஏட்டி,” என்றார், “மத்தியானம் மீன்கொழம்புக்கும் ரெண்டு தடவ போட்டியோ? தண்ணியாக் குடிச்சும் அடங்க மாட்டேங்கு.”

டீச்சர் வாளியின் பிடியை இறுக்கிப் பிடித்தாள். “தெரிஞ்சுதா உங்களுக்கு? அப்பவே ஒரு வாய் சொல்லியிருக்கலாம்லா.”

“சொல்லத்தான் நெனச்சேன்” என்றார் அவர், கடைசித் தொட்டியில் தண்ணியை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே. “வாய் வரல புள்ள. இப்பத்தான் வருது.”